கண்மாய் முறையும் நதி ஒப்பந்தமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்ணீர்த் தகராறு என்றாலே இன்று நடுவர் மன்றம், உச்ச நீதிமன்றம், டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) கணக்கு என்றுதான் பேச்சு போகிறது. அதற்கெல்லாம் முன்பு பல நூறு ஆண்டுகள் ஊர்கள் தங்களுக்குள் தண்ணீரைப் பங்கிட்டுக்கொண்டு வாழ்ந்திருக்கின்றன. அந்த வழக்கங்களைப் பற்றியும், மாநிலங்களும் நாடுகளும் போடும் ஒப்பந்தங்களுக்குப் பக்கத்தில் அவற்றை வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது என்பது பற்றியும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. வட மாவட்டங்களில் ஏரி என்பதை சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய் என்பார்கள். இங்கே இரண்டும் மாறி மாறி வரும்.

'முறை' என்றால் என்ன? தண்ணீரை எப்படி அளந்தார்கள்?

தண்ணீரை அளக்கவில்லை, நேரத்தை அளந்தார்கள். கண்மாய்க் கரையின் மடையிலிருந்து, அதாவது மதகிலிருந்து, வரும் வாய்க்கால் தண்ணீர் முழுவதும் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருவர் வயலுக்குப் போகும். நேரம் முடிந்ததும் அந்த வாயை அடைத்து அடுத்தவருக்குத் திருப்புவார்கள். நிலம் கூடக்குறைய இருந்தால் நாழிகையும் கூடும், குறையும். ஒரு நாழிகை 24 நிமிடம். அடியில் சிறு துளையிட்ட வட்டிலைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து மூழ்கும் நேரத்தைக் கணக்காக வைப்பது நம் பழைய பழக்கம். ஈரானில் நிலத்தடிச் சுரங்க வாய்க்கால் வழியாக நடக்கும் கனாத்துப் பாசனத்திலும் இதே துளைக் கிண்ணம்தான் கடிகாரம். ஓமானில் பகலில் நிழலையும் இரவில் நட்சத்திரத்தையும் பார்த்து முறை மாற்றினார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒருவருக்கு நான்கு நாழிகை முறை என்றால், வாய்க்காலில் தண்ணீர் புரண்டு வந்தாலும் நூலாக வந்தாலும் நான்கு நாழிகைதான். மடையில் நீர் மெலிந்தால் எல்லாருக்கும் ஒரே மாதிரி மெலிகிறது. 'இந்த வருஷம் உனக்கு இவ்வளவு குறைக்கிறேன்' என்று யாரும் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. ஆளுக்கு இத்தனை அளவு என்று எழுதி வைத்திருந்தால் முதல் வறட்சியிலேயே மண்வெட்டியைத் தூக்கியிருப்பார்கள்.

நீர்க்கட்டி என்பவர் யார்?

மடையைத் திறந்து மூடுபவர், வாய்க்காலைத் திருப்புபவர். ஊருக்கு ஊர் நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று பெயர் மாறும். முறைத் தண்ணீர் ஓடும் நாட்களில் வயலுக்குச் சொந்தக்காரர் மடைப் பக்கம் கை வைக்கக் கூடாது. திறப்பதும் அடைப்பதும் நீர்க்கட்டி வேலை. கூலி பணமாக இல்லை. அறுவடையின்போது களத்திலேயே ஒவ்வொருவரும் நெல் அளந்து கொடுப்பார்கள். இப்படி ஊர்ப் பணியாளர்களுக்குத் தரும் தானியப் பங்குக்குப் பழைய பெயர் 'சுதந்திரம்'. 1947க்கு முந்தைய வருவாய்க் கணக்குகளில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு விடுதலைப் போராட்டம் என்று நினைத்துவிடாதீர்கள்.

பல ஊர்களில் நீர்க்கட்டிக்கு அந்த ஆயக்கட்டில், அதாவது அந்தக் கண்மாய் பாயும் நிலப்பரப்பில், சொந்த நிலம் கிடையாது. தலைமடைக்காரரை, அதாவது மடையை ஒட்டி நிலம் உள்ளவரை, தண்ணீரில் முந்திவிட்டால் தனக்கு லாபம் என்ற நிலையில் அவர் இல்லை. எல்லா வயலும் விளைந்தால்தான் எல்லாக் களத்திலும் அவருக்கு நெல். அவர் நல்லவராக இருக்க வேண்டும் என்று கூட அவசியமில்லை. நடுநிலை அவருடைய கூலியிலேயே இருந்தது. ராஜதந்திரம் படிப்பவர்கள் இந்த ஓர் ஏற்பாட்டை மட்டும் ஒரு நாள் முழுக்க யோசிக்கலாம் என்பது என் எண்ணம்.

'மடையன்' என்ற வசை மடை திறப்பவரிடமிருந்து வந்ததாமே?

வாட்ஸ்அப்பில் நன்றாக ஓடும் கதை. ஏரிக்குள் இருக்கும் பழைய மதகான குமிழித்தூம்பைத் திறக்க ஆள் ஆழத் தண்ணீரில் இறங்க வேண்டியிருந்தது உண்மை, உயிருக்கு ஆபத்தும் உண்மை. ஆனால் அறியாமைக்கு 'மடம்', 'மடமை' என்று தனியே சொல் இருக்கும்போது, வசைக்கு மதகைத் தேடிப் போக வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

கண்மாய் பாதிதான் நிறைந்தது என்றால்?

இதுதான் முக்கியமான கேள்வி. நிறைந்த கண்மாயைப் பங்கிட வழக்கமே தேவையில்லை, அவரவர் திறந்துவிட்டுக்கொள்ளலாம். வழக்கம் முழுவதும் குறைந்த ஆண்டுக்காக உண்டானது. மழைக்காலத்தில் தண்ணீர் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு ஊர்க்கூட்டம் போடுவார்கள். நிறைந்திருந்தால் முறை வேண்டாம். கொஞ்சம் குறைவு என்றால் முறை தொடங்கும். இன்னும் குறைந்தால் மடையைச் சில நாள் திறந்து சில நாள் மூடுவது, எல்லாருமே நிலத்தில் ஒரு பகுதியைத் தரிசாகப் போடுவது என்று இறங்கிக்கொண்டே போகும். நடவுக்கு முன்பே இது பேசப்படும். பயிர் நட்டு, கடனும் வாங்கிய பிறகு குறைத்துக்கொள் என்றால் எவன் கேட்பான்?

இலங்கையின் வறண்ட வலயத்தில் சிங்கள விவசாயிகளிடம் 'பெத்ம' என்று ஒரு வழக்கம் உண்டு. எனக்குத் தெரிந்து இதைவிடத் துணிச்சலான ஏற்பாடு வேறெங்கும் இல்லை. குளத்தில் தண்ணீர் குறைந்த போகத்தில் குளத்தை ஒட்டிய மேல் வயல்களை மட்டும் பயிர் செய்வார்கள். ஆனால் அந்த வயல்களை அந்த ஒரு போகத்துக்கு எல்லாப் பங்காளிகளுக்கும் அவரவர் நில விகிதப்படி பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். கடைமடைக்காரர் தலைமடைக்காரரின் நிலத்தில் வந்து உழுவார். தண்ணீரைக் கடைசி வரை இழுத்துக்கொண்டு போய் வழியெல்லாம் வீணாக்குவதற்குப் பதில், ஆட்களைத் தண்ணீரிடம் கூட்டி வருகிறார்கள். போகம் முடிந்ததும் வரப்புகள் பழையபடி. பத்திரம் மாறாது.

தண்ணீரைத்தான் பங்கிட வேண்டும் என்பதில்லை, தண்ணீரால் வரும் விளைச்சலைப் பங்கிடலாம் என்று சர்வதேச நதி மாநாடுகளில் இன்று பேசுகிறார்களே, அது இதுதான்.

ஒரே ஊருக்குள் சரி. இரண்டு ஊருக்கு நடுவில் எப்படி?

ராஜதந்திரம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. நம் கண்மாய்கள் தனித்தனியாக இல்லை, சங்கிலியாக இருக்கின்றன. மேல்கண்மாய் நிறைந்து கலிங்கு வழியாக வழியும் தண்ணீர்தான் கீழ்க்கண்மாயின் வரத்து. கலிங்கு என்பது கரையில் குறிப்பிட்ட உயரத்தில் கட்டிய கல் தளம். நீர்மட்டம் அந்த உயரத்தைத் தாண்டினால் மிச்சம் தானாக வழியும். பழைய கலிங்குகளின் மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பதைப் பார்க்கலாம். பருவத்தின் முற்பகுதியில் கற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி திறந்தே கிடக்க வேண்டும். மழை ஓயப்போகிற நேரத்தில் வைக்கோலும் மண்ணும் வைத்து அடைத்து ஓர் அடி, ஒன்றரை அடி கூடுதலாகத் தேக்கிக்கொள்வார்கள்.

ஊர்ச்சண்டையின் வேரே அந்த ஓர் அடிதான். எப்போது அடைப்பது என்பதில் மேல் ஊர் அவசரப்பட்டால் கீழ் ஊருக்குத் தண்ணீர் இல்லை. அடைத்ததை வெள்ளம் வரும்போது எடுக்காவிட்டால் மேல்கண்மாய்க் கரை உடையும். அது உடைந்து வரும் வேகத்தில் கீழ்க்கண்மாயும் உடையும். அதனால் கீழ் ஊருக்கு மேல் ஊரின் கரை பலமாக இருப்பதிலும் அக்கறை உண்டு. பங்காளி வீடு எரிந்தால் நம் கூரைக்கும் தீ வரும் என்ற கணக்கு.

இந்த ஏற்பாட்டின் அழகு, கலிங்கின் உயரம் கல்லில் இருக்கிறது என்பது. யாரும் யாரையும் நம்ப வேண்டாம். கீழ் ஊரிலிருந்து ஓர் ஆள் நடந்து போய்ப் பார்த்தால் ஒரு கல் ஏறியிருக்கிறதா, இல்லையா என்று தெரிந்துவிடும். இன்று அணைகளின் நீர்மட்டம், வரத்து, திறப்பு என்று ஆயிரம் எண்கள் இருந்தும், எதிர்த்தரப்பின் எண்ணை இந்தத் தரப்பு நம்புவதில்லை. முல்லைப் பெரியாறு அணையிலும் நீரை எவ்வளவு உயரம் தேக்கலாம், 136 அடியா, 142 அடியா, 152 அடியா என்று நடந்தது கலிங்குச் சண்டையின் பெரிய வடிவம்தான்.

தகராறு வந்தால் யார் தீர்த்தார்கள்?

ஊர்ப் பெரியவர்கள், கோயில் முன்னால் கூட்டம், அபராதம். எழுத்தில் கிடைக்கும் சான்று என்றால் உத்திரமேரூர்க் கல்வெட்டு. பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் பொறித்தது. குடவோலையில் தேர்ந்தெடுக்கப்படும் வாரியங்களில் ஏரி வாரியம் ஒன்று. ஆறு பேர், பதவி 360 நாள். அது பிராமணர்களுக்குக் கொடுத்த சதுர்வேதிமங்கலத்தின் சபை. எல்லா ஊரிலும் இப்படித் தேர்தல் நடந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்றும் உயிரோடு இருக்கும் தண்ணீர் நீதிமன்றம் ஸ்பெயினின் வலென்சியாவில் இருக்கிறது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் நண்பகலில் தேவாலய வாசலில் கூடுகிறது. வாய்க்கால்களின் பிரதிநிதிகளான விவசாயிகளே நீதிபதிகள். வக்கீல் இல்லை, விசாரணை முழுவதும் வாய்ப்பேச்சு, தீர்ப்பு அங்கேயே. எந்த வாய்க்காலைப் பற்றிய வழக்கோ அந்த வாய்க்காலின் பிரதிநிதி தீர்ப்பில் சேர மாட்டார். 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது கிழமை. தகராறு இருக்கிறதோ இல்லையோ, வியாழக்கிழமை கூடிவிடுகிறார்கள். பயிர் வாடுவதற்குள் ஒரு வியாழன் வந்துவிடும். காவிரி நடுவர் மன்றம் 1990இல் அமைந்து 2007இல் இறுதித் தீர்ப்புச் சொன்னது. நடுவில் எத்தனை போகம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

குடிநீருக்கு என்ன இடம்?

முதலிடம். மடைவாய் மட்டத்துக்குக் கீழே தங்கும் தண்ணீர் பாசனத்துக்கு வராது. அது ஆடு மாட்டுக்கு. ஓமானின் அஃப்லாஜ் வாய்க்கால்களில் தண்ணீர் ஊருக்குள் நுழையும் முதல் இடம் குடிநீர் எடுக்க, அது எவருக்கும் இலவசம். பேரீச்சந்தோப்புகளுக்கும் வயல்களுக்கும் அப்புறம்தான்.

பழைய காலத்தில் எல்லாம் நியாயமாக நடந்ததா?

இல்லை. நீர்க்கட்டியின் நடுநிலையைப் புகழ்ந்தேன். அவருக்கு ஏன் நிலம் இல்லை என்றும் சொல்ல வேண்டும். பல ஊர்களில் இந்த வேலையைச் செய்தவர்கள் ஒடுக்கப்பட்ட சாதியினர். நிலம் வைத்திருக்க விடப்படாதவர்கள். கண்மாயின் ஒவ்வொரு மேடு பள்ளமும் அவருக்குத் தெரியும், ஆனால் ஊர்க்கூட்டத்தில் உட்கார இடம் கிடையாது. குடிமராமத்து என்று இன்று பெருமையாகச் சொல்லும் கரை வேலையிலும் மண் சுமந்தவர் ஒருவர், பலன் அடைந்தவர் வேறொருவர் என்பது நிறைய நடந்தது. பெண்களுக்கு முறையில் பெயரே இல்லை.

ஆகவே 'நம் முன்னோர்' என்று கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. அந்த ஏற்பாட்டில் வேலை செய்த பகுதி எது, அநியாயம் எது என்று பிரித்துப் பார்க்கத்தான் சொல்கிறேன். மடையைத் திறப்பவருக்கு மடையில் சொந்த லாபம் இருக்கக் கூடாது என்பதை எடுத்துக்கொள்ளலாம். அதற்காக ஒரு சாதியை நிலமற்றதாக வைத்ததைத் தூக்கி எறிய வேண்டும்.

பிறகு ஏன் அழிந்தது?

ஏரிகள் அரசுத் துறையின் கைக்குப் போயின. குடிமராமத்து வேலைக்கு ஆள் வராததற்கு 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டார்கள். சட்டம் போட்டு வரவழைக்க வேண்டிய நிலை வந்தபோதே வழக்கம் பாதி செத்துவிட்டது. அப்புறம் கிணறும் பம்புசெட்டும் வந்தன. சொந்தத் தண்ணீர் இருப்பவருக்கு ஊர்க்கூட்டம் எதற்கு? கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்களில் வீடு கட்டியது கடைசி.

ஊர் வழக்கத்தை நாடுகளுக்குப் பொருத்துவது சற்று அதிகம் இல்லையா?

நியாயமான சந்தேகம். ஊரில் தண்ணீர் திருடியவர் மறுநாள் அதே டீக்கடைக்கு வர வேண்டும்; பெண் கொடுக்க, எடுக்க வேண்டும். நாடுகளுக்கு அந்த வெட்கம் கிடையாது. ராணுவமும் தேர்தலும் இருக்கிறது. ஆனால் தண்ணீரின் குணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்: மேலே இருப்பவன் கையில் திறவுகோல், கீழே இருப்பவன் கையில் முறையீடு, இரண்டு பேருக்கும் மேலே வானம். ஊர் வழக்கத்தை அப்படியே தூக்கி வைக்க முடியாது. அது எந்த இடத்தில் முடிச்சுப் போட்டது என்று பார்க்கலாம்.

சிந்து நதி ஒப்பந்தத்தை இதில் எங்கே வைப்பது?

அது முறை இல்லை, பாகப்பிரிவினை. 1960 செப்டம்பர் 19 அன்று கராச்சியில் நேருவும் அயூப் கானும் கையெழுத்திட்டார்கள். நடுவில் உலக வங்கி. ராவி, பியாஸ், சட்லெஜ் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் பாகிஸ்தானுக்கு, இந்தியாவுக்குச் சில வரம்புகளோடு உரிமை. தண்ணீரைப் பிரிக்கவில்லை, ஆறுகளைப் பிரித்தார்கள். பேச்சுவார்த்தையே இல்லாத அண்ணன் தம்பி வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பியது போல. அதனால்தான் 1965, 1971 போர்களிலும் அது நின்றது; ஒருவரோடொருவர் தினமும் பேச வேண்டிய தேவையை அது குறைத்துவிட்டது.

அதே சமயம் ஆண்டுக்கு ஒரு தடவையாவது சந்திக்க வேண்டிய நிரந்தர ஆணையம் ஒன்றையும் வைத்தார்கள். அது வலென்சியாவின் வியாழக்கிழமைக்குக் கொஞ்சம் சொந்தம். 2025 ஏப்ரலில், பஹல்காம் தாக்குதலுக்கு அடுத்த நாள், ஒப்பந்தத்தை நிறுத்தி வைப்பதாக இந்தியா அறிவித்தது. தண்ணீருக்கு வெளியே நடந்த சண்டை தண்ணீருக்குள் வந்துவிட்டது. ஊரிலும் அப்படித்தான்: திருவிழாவில் முதல் மரியாதைக்கு நடந்த அடிதடி மறுவாரம் மடையில் வெடிக்கும்.

முறையை உண்மையிலேயே எழுதி வைத்த ஒப்பந்தம் ஏதாவது உண்டா?

உண்டு. 1996 டிசம்பர் 12 அன்று இந்தியாவும் வங்கதேசமும் செய்த கங்கை ஒப்பந்தம். ஜனவரி 1 முதல் மே 31 வரை, பத்துப் பத்து நாட்களாக, வங்கதேச எல்லையை ஒட்டிய இந்திய அணையான ஃபராக்காவில் வரும் தண்ணீரைப் பிரிக்கிறார்கள். வினாடிக்கு 70,000 கன அடி அல்லது அதற்குக் குறைவு என்றால் ஆளுக்குப் பாதி. 70,000 முதல் 75,000 வரை என்றால் வங்கதேசத்துக்கு 35,000, மிச்சம் இந்தியாவுக்கு. அதற்கும் மேலே என்றால் இந்தியாவுக்கு 40,000, மிச்சம் வங்கதேசத்துக்கு.

கோடை முற்றும் மார்ச் 11 முதல் மே 10 வரைதான் பார்க்க வேண்டிய இடம். அந்த நாட்களில் ஒரு பத்து நாள் இந்தியாவுக்கு 35,000 உறுதி, அடுத்த பத்து நாள் வங்கதேசத்துக்கு 35,000 உறுதி என்று மாறி மாறி வரும். நம் நீர்க்கட்டிக்கு இதைப் படித்துக் காட்டினால் 'இதிலென்ன புதுசு?' என்பார். வரத்து 50,000க்குக் கீழே போனால் உடனே உட்கார்ந்து பேச வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். கையெழுத்திட்ட இந்தியப் பிரதமர் தேவகவுடா, காவிரிப் படுகையிலிருந்து வந்தவர். கங்கையில் போட முடிந்த முறையைக் காவிரியில் போட முடியவில்லையே என்று அவரும் எப்போதாவது நினைத்திருப்பாரோ என்னவோ.

இது 30 ஆண்டு ஒப்பந்தம், 2026 டிசம்பரில் முடிகிறது.

காவிரியில் எங்கே இடிக்கிறது?

எண்ணில். 2007 தீர்ப்பு காவிரியின் ஆண்டு வரத்தை 740 டி.எம்.சி. என்று எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பிரித்தது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 404.25 ஆகக் குறைத்து, கர்நாடகத்துக்கு 284.75 என்றது. மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் வந்து சேர வேண்டியது 177.25.

740 என்பது 50 சதவீத நம்பகத்தன்மை கொண்ட எண். அதாவது இரண்டில் ஓர் ஆண்டு ஆறு இந்த அளவைத் தராது என்று தெரிந்தே எடுத்துக்கொண்ட எண். குறைந்த ஆண்டில் எல்லாருடைய பங்கையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும் என்று தீர்ப்பில் இருக்கிறது. ஆனால் பருவம் நடந்துகொண்டிருக்கும்போது, ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள், இது குறைந்த ஆண்டுதான் என்று யார் சொல்வது? எவ்வளவு குறைவு என்று எதை வைத்துச் சொல்வது? சண்டை முழுவதும் அங்கேதான். நல்ல ஆண்டில் மேட்டூர் நிரம்பி வழியும்போது காவிரிப் பிரச்சினை என்ற சொல்லே செய்தித்தாளில் இருக்காது.

அடுத்தது திறவுகோல். கிருஷ்ணராஜ சாகர், கபினி மதகுகள் கர்நாடகத்தின் கையில். மேட்டூர் தமிழ்நாட்டின் கையில். 2018இல் வந்த மேலாண்மை ஆணையம் உத்தரவு போடலாம், மதகைத் திறக்க அதற்கு ஆள் இல்லை. தலைமடைக்காரரே நீர்க்கட்டியாகவும் இருக்கும் ஊர் இது. ஒன்று மட்டும் சரியாக அமைந்திருக்கிறது: பிலிகுண்டுலுவில் அளப்பது இரண்டு மாநிலமும் இல்லை, மத்திய நீர் ஆணையம். நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே கலிங்குக் கல் அதுதான்.

ஒப்பந்தத்துக்கு எத்தனை ஆண்டு ஆயுள் இருக்க வேண்டும்?

முல்லைப் பெரியாறு குத்தகை 1886இல் 999 ஆண்டுக்குப் போட்டது. அவ்வளவு நீளமான ஆயுள் சண்டையைத் தடுக்கவில்லை. சென்னை மாகாணமும் மைசூரும் 1924இல் செய்த காவிரி ஒப்பந்தத்தில் 50 ஆண்டு கழித்துச் சில பிரிவுகளை மறுபடி பார்க்கலாம் என்று இருந்தது. 1974 வந்ததும் ஒப்பந்தமே காலாவதி என்றது ஒரு தரப்பு, இல்லை என்றது மறு தரப்பு. ஊர் வழக்கத்தில் இந்தக் கேள்வியே வேறு மாதிரி. விதிக்கு ஆயுள் கிடையாது, எண்ணுக்கு ஒரு வருஷம்தான் ஆயுள். அடுத்த மழைக்கு மறுபடியும் கூட்டம்.

விவசாயிகளே நேராகப் பேசிப் பார்த்ததில்லையா?

பார்த்தார்கள். 2003இல் இரு மாநில விவசாயிகளும் சேர்ந்து 'காவிரிக் குடும்பம்' என்று அமைத்தார்கள். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் ஜனகராஜன் அதற்குத் துணை நின்றார். மண்டியா விவசாயிகள் தஞ்சைக்கு வந்து காய்ந்த வயலைப் பார்த்தார்கள், இங்கிருந்து அங்கே போய் அவர்களுடைய அணைகளைப் பார்த்தார்கள். கலிங்கைப் பார்க்க நடந்து போன பழைய வேலைதான். அரசுகள் அதைக் கையில் எடுத்துக்கொள்ளவில்லை. அரசியலில் காவிரி தீராமல் இருப்பதில் சிலருக்கு வசதி உண்டு என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஐ.நா.வில் இதற்குச் சட்டம் இல்லையா?

1997இல் ஒரு உடன்படிக்கை வந்தது. 2014இல்தான் நடைமுறைக்கு வந்தது. நியாயமான பயன்பாடு, அதே ஆற்றின் மற்ற நாடுகளுக்குப் பெரும் தீங்கு செய்யாமை என்பவை அதன் இரு கால்கள். சீனா, துருக்கி, புருண்டி எதிர்த்து வாக்களித்தன. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. எதிர்த்தவர்களில் சீனாவும் துருக்கியும் யாருடைய தலைமடையில் உட்கார்ந்திருக்கின்றன என்று வரைபடத்தில் பாருங்கள்.

இந்தக் கலிங்கு, முறை எல்லாவற்றையும் நேரில் பார்க்க முடியுமா?

ஐப்பசி, கார்த்திகையில் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் ஒரு கண்மாய்ச் சங்கிலியைப் பிடித்து மேலிருந்து கீழே நடந்து பாருங்கள். ஒவ்வொரு கலிங்கிலும் நட்ட கற்களைக் கவனியுங்கள். கற்களுக்கு நடுவே சிமெண்டுப் பூச்சோ மணல் மூட்டையோ இருந்தால், ஏன் என்று அந்த ஊரில் கேட்காதீர்கள். அடுத்த கண்மாய்க்குப் போய்க் கேளுங்கள்.